மொட்டை மாடியில் மீன் பிடித்தவன்

ஒருவர் நாக்கைத் தட்டி "ச்சு" என்றார். நடந்தது அவ்வளவுதான். மே மாதக் கடைசியில், இமாச்சலப் பிரதேசத்தில், தீர்த்தன் ஆற்றில் வந்து விழும் ஒரு சின்ன ஓடையின் கரையில். இப்போது அக்டோபர். ஐந்து மாதமாக அந்தச் "ச்சு" காதிலேயே கிடக்கிறது. பல் தேய்க்கும்போது கேட்கிறது. ஆபீஸில் யாராவது எக்செல் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசும்போது கேட்கிறது. எழுதிவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறேன். போகாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு ஃபிளை ஃபிஷிங் பைத்தியம். சென்னையில் குடியிருந்துகொண்டு இந்தப் பைத்தியம் பிடிப்பது, ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு பனிச்சறுக்குக்கு ஆசைப்படுகிற மாதிரிதான். 2020 ஊரடங்கில் தூக்கம் வராத ராத்திரிகளில் யூடியூப் பார்த்துப் பார்த்து வந்த வினை. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். தலைக்கு மேலே நூல் பின்னால் போகிறது, முன்னால் வருகிறது, நடுவில் ஒரு வளையம் விழுந்து மெதுவாக அவிழ்கிறது. கடைசியில் நூலின் நுனி தண்ணீரில் படுவது சத்தமே இல்லாமல், ஒரு இலை உதிர்ந்த மாதிரி. மீன் கிடைத்ததா இல்லையா என்று கூட நான் பார்க்க மாட்டேன். அந்த வளையத்துக்காகவே ஒரே வீடியோவை நான்கு முறை ஓட்டுவேன்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டுதான் பறக்கும், நூல் அதன் பின்னால் ஓடும். ஃபிளை ஃபிஷிங்கில் தலைகீழ். முள்ளில் கட்டியிருக்கும் போலிப் பூச்சி வெறும் இறகும் நூலும்தான், எடையே கிடையாது. அதை எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் எடையை நூலிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல், அதன் நுனியில் ஒன்பதடிக்கு மெல்லிய நரம்பு, நரம்பின் நுனியில் பூச்சி. வீசுவது நூலை, பூச்சி சும்மா ஒட்டிக்கொண்டு போகிறது. மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குகிற அதே கணக்கு, ஆனால் சொடுக்குச் சத்தம் மட்டும் வரக் கூடாது. சத்தம் வந்தால் பூச்சி பிய்ந்துகொண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

வாங்கிவிட்டேன். எட்டரை அடி ராட், ரீல், நூல் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். வீட்டில் 8,000 என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மாடி

பழகுவதற்கு இடம் வேண்டும். புல்வெளி நல்லது என்கிறார்கள். வில்லிவாக்கத்தில் புல்வெளிக்கு எங்கே போவது? மொட்டை மாடிதான். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக் கம்பிக்கும் நடுவில் கிடைக்கிற நாற்பது ஐம்பது அடி நீளத்தில் ஒரு வருஷம் வீசினேன். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு. குறிக்கு அம்மாவின் பழைய எவர்சில்வர் தாம்பாளம். தட்டோட்டில் உரசி உரசி முதல் நூலின் பூச்சு மூன்றே மாதத்தில் உரிந்துவிட்டது. இரண்டாவது நூல் வாங்கியது வேறு கணக்கு.

பின்வீச்சுதான் எல்லோருக்கும் தகராறு. கடிகார முள் மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள்: முன்னால் பத்து மணியில் நிறுத்து, பின்னால் ஒரு மணியில் நிறுத்து. என் கை மூன்று மணி வரைக்கும் போய்விடும். நூல் பின்னால் தொங்கி, எதிர் வீட்டுக் கொடியில் காயும் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் இப்படி வேட்டியை விடுவித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் மூச்சு வாங்க மேலே வந்தார். பளீர் ஆரஞ்சு நிற நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, மாஞ்சாவா?" என்றார். சென்னையில் மாஞ்சாக் கயிறு கழுத்தை அறுத்து எத்தனை உயிர் போயிருக்கிறது, போலீஸ் தடை போட்டிருக்கிறது. அவர் பயந்ததில் தப்பே இல்லை. "இல்ல சார், மீன் பிடிக்கப் பழகறேன்" என்றேன். அவர் மாடியைச் சுற்றி ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு இரண்டு வாரம் நான் மாடிக்கே போகவில்லை.

ஆனால் கை வந்தது. அது உண்மை. வருஷக் கடைசியில் முப்பத்தைந்து அடி தள்ளியிருந்த தாம்பாளத்தில் பத்துக்கு ஆறு விழுந்தது. வளையம் இறுக்கமாக, வீடியோவில் பார்த்த மாதிரியே அவிழ்ந்தது. ஒரு காலையில் பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேர் அவர்கள் மாடியில் நின்று பார்த்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

பெரியப்பாவின் கழி

எனக்குத் தூண்டில் புதுசு இல்லை. இதுவரைக்கும் அதைச் சொல்லாமல் வந்ததே என் குணம். எட்டு வயசிலிருந்து பதினான்கு வயசு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியப்பாவோடு கொரட்டூர் ஏரிக்குப் போயிருக்கிறேன். பெரியப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் பட்டறை வேலை. ஆறு நாள் இரும்புச் சத்தம், ஏழாவது நாள் ஏரி. அவரிடம் ரீல் கிடையாது. ஏழடி மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டின தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு சின்ன முள். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் மைதா உருண்டை, பழைய பவுடர் டப்பாவில் மண்புழு. புழு தோண்டுவது என் வேலை.

பிடிபடுவது பெரும்பாலும் ஜிலேபி, சில நாள் கெளுத்தி, எப்போதாவது விரால். பெரியப்பா அவ்வளவாகப் பேச மாட்டார். கரைக்குப் போனதும் உடனே தூண்டில் போடவும் மாட்டார். பத்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார். விரால் மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டிய மீன், எங்கே குமிழி விடுகிறது என்று பார்த்தால் போதும் என்பார். வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அவருடையது பட்டறைக் காக்கி, துவைத்துத் துவைத்து ஏரிக்கரை மண் நிறத்துக்கே வந்துவிட்ட சட்டை. நான் தக்கை ஆடுவதைப் பார்க்கும் ஆவலில் எழுந்து முன்னால் போவேன். உடனே நாக்கைத் தட்டுவார். "ச்சு. டேய், நிழலு தண்ணில உழுது பாரு." அதுதான் அவர் ஒரு காலையில் பேசுகிற மொத்தப் பேச்சும்.

ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவோடு ஸ்கூட்டரில் ஏரிக்கரை வழியாகப் போனான். நான் புழு டப்பாவோடு நின்றிருந்தேன். திங்கட்கிழமை எனக்குப் பெயர் "புழு டப்பா". அந்த வருஷம் முழுக்க அதே பெயர். அடுத்த ஞாயிறு பெரியப்பா வந்து கூப்பிட்டபோது டியூஷன் இருக்கிறது என்றேன். அவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

இதையெல்லாம் யோசிக்க எனக்கு இருபத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்தில் கழியோடு உட்கார்ந்து மடவைக்குக் காத்திருப்பவரைக் கடந்து போகும்போது "வேலை வெட்டி இல்லாத ஆள்" என்று நானும் நினைத்திருக்கிறேன். அதே வேலையை ஒரு 18,000 ரூபாய் ராடோடு செய்தால் அது ஹாபி. இன்ஸ்டாகிராமில் போடலாம். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், குழம்பு. ஒருவர் குழம்புக்குப் பிடிக்கிறார். நான் குழம்புக்குப் பிடிக்கவில்லை, அதனால் நான் பெரிய மனிதன்.

இந்தப் பெரிய மனிதத்தனத்தோடு சேர்ந்து வந்த மீன்தான் ட்ரவுட். நம் நாட்டு மீனே அல்ல. வெள்ளைக்காரர்களுக்கு மலைவாசஸ்தலத்தில் எல்லாம் இருந்தது, அவர்கள் ஊர் மீன் மட்டும் இல்லை. சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, மீன்களை ஆராய்வதில் பெரிய ஆள், 1863இலேயே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவரப் பார்த்துத் தோற்றுப்போனார். முட்டையைக் கெடாமல் கப்பலில் அத்தனை நாள் கொண்டுவருவது அப்போது லேசான வேலையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் ரெயின்போ ட்ரவுட்டை நீலகிரியில் நிலைக்க வைத்தார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகமும் வந்தது. குலு பக்கம் 1909இல், காஷ்மீரிலிருந்து முட்டை கொண்டுபோய். ஆக, "காட்டு ட்ரவுட்" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதெல்லாம் நூறு சொச்சம் வருஷத்துக்கு முன்னால் குடியேறியவற்றின் பேரப்பிள்ளைகள். பெரியப்பா பிடித்த ஜிலேபியும் அப்படித்தான், ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி 1952இல் இலங்கை வழியாக வந்தது. ஒன்றைச் சாக்கடையிலும் வாழும் மீன் என்கிறோம், இன்னொன்றைப் பார்க்க விமானம் ஏறுகிறோம்.

ஏன் ஊட்டிக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். அவலாஞ்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல ஓடைகள் பலதும் முக்கூர்த்தி தேசியப் பூங்காப் பக்கத்துக் காட்டில் இருக்கின்றன. அங்கே தூண்டிலோடு சுற்ற முடியாது, சுற்றவும் கூடாது. இமாச்சலத்தில் மீன்வளத் துறையே உரிமம் தருகிறது. அதனால் வடக்கே.

ஓடை

கத்திரி வெயிலில் கிளம்பினேன். அதுவே முதல் தப்பு. மே மாதம் இமயமலையில் பனி உருகும் காலம். டெல்லியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ், மணாலிச் சாலையில் ஔட் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து ஜீப். போய்ச் சேர்ந்து பார்த்தால் தீர்த்தன் ஆறு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி, பாறையை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் பூச்சி என்ன, தேங்காயைப் போட்டாலும் மீனுக்குத் தெரியாது. முதல் நாள் முழுக்க என் மாடி வீச்சை ஆற்றுக்குக் காட்டினேன். ஆறு ஒன்றும் சொல்லவில்லை.

வழிகாட்டியாக வந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். ரப்பர் பூட்ஸ், பீடி, டேப் ஒட்டின பழைய ராட். நான் அவரை அண்ணன் என்கிற அர்த்தத்தில் "பையா" என்றேன், அவர் என்னைப் "பாய்சாப்" என்றார். என் ஹிந்தி தூர்தர்ஷன் ஹிந்தி, அவருடையது மலை ஹிந்தி. அதனால் இருவரும் பெரும்பாலும் கையால்தான் பேசிக்கொண்டோம். இரண்டாம் நாள் அவர் ஆற்றைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தேவதாருக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஏற்றி, மேலேயிருந்து இறங்கும் ஓடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். ஊற்றுத் தண்ணீர், அதனால் கண்ணாடி மாதிரி தெளிவு. அகலம் எங்கள் தெருவில் பாதி. சில இடத்தில் தாண்டிவிடலாம். கையை விட்டால் எலும்பு வலித்தது. ட்ரவுட்டுக்கு அந்தக் குளிர் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில்தான் அதற்குப் போதுமான பிராணவாயு கரைந்திருக்கும். இருபது டிகிரிக்கு மேலே போனாலே தவிக்க ஆரம்பித்துவிடும். மே மாதம் எங்கள் தொட்டித் தண்ணீரில் விட்டால் குழம்பே வைக்க வேண்டாம், வெந்தே கிடக்கும்.

அவர் முதலில் ஒரு கல்லைப் புரட்டினார். அடிப்பக்கத்தில் தீக்குச்சியில் பாதி நீளத்துக்குச் சின்னக் குழாய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் மணல் மணியாகப் பொறுக்கி, கொத்தனார் மாதிரி பூசிக் கட்டினது. கருப்பு மணி, வெள்ளை மணி, நடுவில் மினுக்கென்று அப்ரகத் துணுக்கு ஒன்று. குழாயின் வாயிலிருந்து ஒரு கருந்தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. காடிஸ் என்கிற பூச்சியின் புழு. வாயிலிருந்து பட்டு நூல் விட்டு மணலை ஒட்டிக்கொள்கிறது. இது வளர்ந்து சிறகு முளைத்து மேலே வரும்போதுதான் ட்ரவுட்டுக்கு விருந்து. என் பெட்டியில் அதே பூச்சியை மான் முடியில் கட்டின போலி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். சரி, கட்டினேன்.

அப்புறம் ஆரம்பித்தது சோதனை. பின்வீச்சுக்கு இடமே இல்லை. பின்னால் கிளை, மேலே கிளை, பக்கத்தில் முட்புதர். எதிர் வீட்டு வேட்டி ஆயிரம் மடங்கு மேல். கொஞ்ச நேரத்துக்குள் ஒன்பது பூச்சிகளை மரத்துக்குக் கொடுத்துவிட்டேன். பையா ஒவ்வொரு முறையும் பொறுமையாக மரம் ஏறப் பார்ப்பார், நான் வேண்டாம் என்பேன். முப்பத்தைந்து அடித் தாம்பாளக்காரன் பத்தடி தண்ணீரில் பூச்சி போட முடியாமல் நின்றேன்.

அடுத்த திருப்பத்தில் கொஞ்சம் திறப்பு இருந்தது. பாறையிலிருந்து தண்ணீர் விழுந்து ஒரு சின்னக் குட்டை, நம் வீட்டுக் கூடம் அளவு. பின்னால் கிளை இல்லை. ஆஹா, இதுதான் என் இடம் என்று நினைத்தேன். குட்டையின் கீழ்க்கோடியில், தட்டையான பாறை மேல் ஏறி நிமிர்ந்து நின்றேன். தலையில் வெள்ளைத் தொப்பி. வெயில் முதுகில். ராடை உயர்த்திப் பின்னால் வீசி, வளையம் அவிழக் காத்திருந்து, முன்னால் கொண்டுவந்தேன். ஒரு வருஷத்து வீச்சிலேயே அழகான வீச்சு அது, சத்தியமாக. நூல் காற்றில் இருக்கும்போதே குட்டையின் அடியில் ஐந்தாறு கருங்கோடுகள் நாலா பக்கமும் தெறித்தன. இப்போது இருந்தன, இப்போது இல்லை. பூச்சி வந்து மெத்தென்று விழுந்தது. காலிக் குட்டையில் அழகாக மிதந்து வந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் "ச்சு".

திரும்பினேன். பையா என்னைப் பார்க்கவில்லை. பீடி பிடித்த விரலால் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தார். குட்டையின் மேல், கீழ்க்கோடியிலிருந்து நீளவாக்கில், என் நிழல் கிடந்தது. தொப்பியோடு, கையோடு, எட்டரை அடி ராடோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராடின் நிழல் பாறை மேல் ஆடியது.

எனக்கு எப்படி இருந்தது என்று சரியாகச் சொல்ல வரவில்லை. அவமானம் என்று சொல்லலாம், ஆனால் அது முழுக்க அவமானம் இல்லை. அந்தச் சத்தம் அச்சு அசல் அதே சத்தம். அதே இடைவெளி, சத்தத்துக்குப் பிறகு அதே மௌனம். ஒரு கணம், காதுக்குள் "உழுது பாரு" என்று தமிழிலேயே கேட்டுவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத மனிதர். கொரட்டூர் ஏரியைப் பார்த்தே இராதவர். எனக்குத் தெரிந்திருந்த ஒரே பாடத்தை, நான்தான் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்த பாடத்தை, கூலி வாங்கிக்கொண்டு திருப்பிச் சொல்கிறார்.

குட்டையைக் கெடுத்தாயிற்று, அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. இருவரும் உட்கார்ந்தோம். அவர் மணலில் கோடு போட்டுக் காட்டினார். மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து மேலே பார்த்து நிற்கும், தண்ணீர் கொண்டுவருவதை வாயில் வாங்கிக்கொள்ள. அதனால் கீழேயிருந்து வர வேண்டும், அது எனக்குத் தெரியும். தெரியாதது உயரம். பிளஸ் டூ இயற்பியலில் மாறுநிலைக் கோணம் என்று ஒன்று படித்திருப்போம், தண்ணீருக்கு 48.6 டிகிரி. மார்க்குக்காகப் படித்து மறந்த எண். மீனுக்கு அதுதான் ஜன்னல். அடியிலிருந்து மேலே பார்த்தால் தலைக்கு மேலே ஒரு வட்டம் மட்டும்தான் திறந்திருக்கும், மற்றதெல்லாம் கண்ணாடி, ஓடையின் அடித்தரையே அதில் தெரியும். ஓரடி ஆழத்தில் நிற்கிற மீனுக்கு அந்த வட்டம் இரண்டேகால் அடி அகலம். நம் வானமும் மரமும் மனிதர்களும் அந்த வட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு தெரிகிறார்கள். தரையோடு தரையாக இருக்கிறவன் வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிக் காணாமல் போகிறான். எழுந்து நிற்கிறவன் உள்ளே வந்துவிடுகிறான். பெரியப்பா எட்டாவதோடு நிறுத்தியவர். பத்து நிமிஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இருந்தது எதற்கு என்று அந்த மணல் கோட்டைப் பார்க்கும்போது புரிந்தது.

மேலே போனோம். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அடுத்த குட்டைக்கு நான் போனது முட்டி போட்டு, பிறகு கிட்டத்தட்ட தவழ்ந்து. மே மாதத்தில் முப்பத்தேழு வயசு ஆள் ஈரக் கல்லில் தவழ்வதைப் பார்த்துச் சிரிக்க அங்கே பக்கத்து மாடிப் பையன்கள் இல்லை, நல்ல வேளை. ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒண்டினேன். ரீலிலிருந்து நூலையே இழுக்கவில்லை. ராட் நுனியிலிருந்து ஏழடி நரம்பு மட்டும் தொங்கியது. ஜப்பானில் மலையோடைகளில் ரீல் இல்லாமல் இப்படித்தான் பிடிப்பார்களாம், டென்காரா என்று பெயர். நமக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை, கழி என்று விட்டுவிட்டோம். வீசவே இல்லை. பாறைக்கு மேலாக ராடை மெதுவாக நீட்டி, தண்ணீர் சுழித்துத் திரும்பும் இடத்தில் பூச்சியை இறக்கினேன், அவ்வளவுதான். பூச்சி ஒரு சாண் மிதந்தது. இரண்டு சாண். அடியிலிருந்து ஏதோ மஞ்சளாகத் திரும்பியது. பூச்சி இருந்த இடத்தில் ஒரு வளையம்.

பிரவுன் ட்ரவுட். ஒரு சாண் நீளம்கூட முழுசாக இல்லை. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், காய்ந்த கை பட்டால் மேல்தோலின் வழுவழுப்பு போய் மீனுக்கு நோய் வரும். வயிறு மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி. விலாவில் கருப்புப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே ஆறேழு செம்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம், யாரோ பேனா வைத்து வரைந்தது போல. வாய் ஓரத்தில் என் பூச்சி. முள்ளின் கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் லேசாகத் திருகினதும் கழன்றது. பையா என்னைப் பார்த்தார். நான் கையைத் தளர்த்தினேன். மீன் இரண்டு நொடி கையிலேயே நின்றது, பிறகு இல்லை.

அன்று இன்னும் மூன்று கிடைத்தன. மூன்றும் முட்டி போட்டுத்தான். ஒரு முறைகூட ராடைத் தலைக்கு மேல் தூக்கவில்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் வரைக்கும் பெரியப்பாவைப் பார்க்கப் போகவில்லை. போய் என்ன சொல்வது? ஆகஸ்டில் அண்ணன் வீட்டு விசேஷத்தைச் சாக்கிட்டு கொரட்டூர் போனேன். அவருக்கு எழுபத்து நான்கு. முட்டி தேய்ந்துவிட்டது. ஏரிக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகிறது, போனாலும் ஆகாயத்தாமரையைத்தான் பார்க்க வேண்டும் என்றார். போனில் மீன் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிசாக்கச் சொல்லி, புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எவ்ளோ நீட்டு?"

கையை விரித்துக் காட்டினேன்.

"இதுக்காடா டில்லி போயி, அங்கேர்ந்து ராத்திரி பூரா பஸ்ல போன?"

"ஆமா பெரியப்பா."

"கொழம்புக்கு ஆவாது." போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெயிலு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றார்.

ஆபீஸில் எத்தனையோ பேருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். செலவு எவ்வளவு என்று கேட்டார்கள், முள் குத்தினால் மீனுக்கு வலிக்காதா என்று கேட்டார்கள், தின்னாமல் ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. முதுகில் வெயில் வைத்துக்கொண்டு நின்றதையும், மீன் தெறித்ததையும், பையாவின் சத்தத்தையும் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "யாருடா அவரு? நல்ல ஆளு" என்றார்.

பூச்சிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். இறகு, முடி, நூல் கட்டின விதம் எல்லாவற்றையும் பட்டறைக்காரர் கண்ணால் பார்த்தார். மான் முடியில் கட்டின அந்தக் காடிஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இது ஈசல்டா" என்றார். ஈசல் இல்லை, வேறு பூச்சி என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மழை விட்டதும் ஈசல் தண்ணீரில் உதிர்வதையும், கெண்டை வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதையும், அந்த அரை மணி நேரத்தில் புழுவை எந்த மீனும் சீண்டாது என்பதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசினதை விட அதிகமாக அன்று பேசினார். நான் கிளம்பும்போது பூச்சியைத் திருப்பித் தரவில்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையின் ஓரத்தில் குத்தி வைத்துக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. ஏழே முக்காலுக்கு போன் வந்தது. பெரியப்பா. சாதாரணமாக அவர் போன் செய்கிறவர் இல்லை, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டேய், டியூப்லைட்டாண்ட ஒரே ஈசலா இருக்குது. காலைல அந்தக் குச்சிய எடுத்துகினு ஆறு மணிக்கா வண்டில வந்து என்னையும் இட்டுகினு போ. இன்னா?"

"சரி பெரியப்பா."

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கலர் சட்டை போடாத."